உட்புறத்து ஓட்டை

மனிதன் ஒரு தவறு செய்கிறான், வருந்துகிறான், இனிச் செய்வதில்லை என்று உறுதி கொள்கிறான். சில நாள் கழிந்ததும் அதே தவற்றில் மீண்டும் விழுகிறான். அப்படியாயின் அவன் முன்பு செய்த தவ்பா பொய்யானதா? அன்றி, அந்தத் தவ்பாவில் ஏதேனும் ஒரு பகுதி விடுபட்டுப் போயிற்றா? கிதாபுகளில் பன்முறை ஓதியும், பிறருக்கு ஓதிக் கொடுத்தும் நம் உள்ளத்தில் தெளியாதிருந்த இவ்வினாவிற்கு, வீராம்பட்டினத்தில் மிதிவண்டி பழுது பார்க்கும் பெரியவர் ஒருவர் விடை காட்டினார்.

புதுவை நகருக்குத் தெற்கே அரியாங்குப்பத்தைக் கடந்து கடலை நோக்கித் திரும்பினால் வீராம்பட்டினம். பண்டைத் துறைமுகமாகிய அரிக்கமேடு அதன் அண்டையிலேயே உள்ளது. மீனவர் வாழும் ஊர். ஆடி மாதத்துத் தேரால் பெயர் பெற்ற ஊர். அங்கே வீசும் உப்புக் காற்று எந்த இரும்பையும் விட்டு வைப்பதில்லை.

நண்பர் ஒருவரை நலம் விசாரித்துத் திரும்பும் வழியில் நம் மிதிவண்டியின் பின்சக்கரம் காற்றிழந்தது. இரண்டு திங்களுக்குள் இது மூன்றாம் முறை. முதல் முறை ஒட்டுப் போட்டோம். அடுத்த முறை டியூபையே மாற்றினோம். "பாதையெல்லாம் கருவேல முள். டயரும் தேய்ந்துவிட்டது. புதிய டயர் ஒன்று மாட்டிவிடுங்கள்" என்றோம்.

பெரியவர் உடனே மாட்டிவிடவில்லை. சக்கரத்தைக் கழற்றி, டயரின் ஓரத்தை நெம்பி, டியூபை உருவிக் காற்றடித்துத் தண்ணீரில் அமிழ்த்தினார். குமிழி எழுந்த இடத்தை விரலால் பற்றிக்கொண்டு நம்மை அழைத்தார். "பாருங்க பாய். முள்ளு குத்தியிருந்தா ஓட்டை தரையைப் பார்த்த பக்கம் இருக்கும். இது ரிம்மைப் பார்த்த பக்கம் இருக்குது. ரோட்டு மேல பழி போடாதீங்க" என்றார்.

டியூபின் மூக்கை ரிம்மின் துளைக்கு நேரே வைத்து, ஓட்டை விழுந்த இடத்தைக் கணித்தார். அவ்விடத்தில் ஆரக்கம்பி ஒன்றின் முனை நிப்பிளைத் தாண்டி ஊசிபோல் நீட்டிக்கொண்டிருந்தது. அதனை மூடியிருக்க வேண்டிய ரிம் டேப் துருவில் மக்கிக் கிழிந்து போயிருந்தது. முனையை அரத்தால் தேய்த்தார், துருவைச் சுரண்டினார், புதிய டேப்பைச் சுற்றினார். அதன் பின்னரே புதிய டயரைக் கையிலெடுத்தார். அதன் ஒரு விளிம்பை ரிம்முக்குள் இறக்கினார். டியூபுக்குச் சிறிது காற்றூட்டி உள்ளே வைத்தார். மறு விளிம்பைக் கட்டை விரல்களாலேயே ஏற்றினார். அவசரப்பட்டு இரும்பால் நெம்பி ஏற்றினால் புதிய டியூபையும் அது கடித்துவிடுமாம்.

காற்றடைத்த டயருக்கு டன்லப் 1888இல் காப்புரிமை பெற்றார். தொடக்கத்தில் அது சக்கரத்தோடு ஒட்டப்பட்டிருந்தது, பிரிப்பது பெரும்பாடு. எளிதில் கழற்றி மாட்டும் டயரை 1891இல் பிரான்சு நாட்டு மிஷெலின் சகோதரர்கள் கொணர்ந்தனர். அன்று முதல் உள்ளே பார்ப்பது எவருக்கும் எளிது. ஆயினும் பார்க்க முடிவது வேறு. பார்ப்பது வேறு அன்றோ?

தவ்பா என்பது அறிவு, வருத்தம், செயல் என்னும் மூன்றால் ஆனது என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் விளக்குகிறார்கள். அறிவே முதலாவது, அதிலிருந்தே வருத்தமும், வருத்தத்திலிருந்தே செயலும் பிறக்கின்றன. நாமோ வருத்தத்தையும் செயலையும் வைத்துக்கொண்டு, முதலாவதை விட்டுவிடுகிறோம். ஓட்டை எப்பக்கம் என்று பாராமலே டயரை மாற்றுகிறோம். தீர்ப்பு நாளில் இப்லீஸ், தான் அழைத்தது மட்டுமே உண்மை என்றும், தன்னைப் பழிக்காமல் தம்மையே பழித்துக்கொள்ளுமாறும் தன்னைப் பின்பற்றியோரிடம் கூறுவான் என்பதை சூரா இப்ராஹீம் எடுத்துரைக்கிறது. பாதையில் முள்ளே இல்லை என்பதன்று நம் கருத்து. பார்த்த பின்னரே முள்ளைக் குற்றம் சொல்ல வேண்டும் என்பதே.

இதனை எழுதும் நாம் நம் உட்புறத்தைக் காட்டாமல் விடுவது முறையன்று. நம் தந்தையார் மறைந்தபின் நமக்கும் நம் தங்கைக்கும் இடையே மும்முறை மனக்கசப்பு நேர்ந்தது, மும்முறையும் சமாதானமாயிற்று. பெருநாள்தோறும் துணிமணி அனுப்பினோம். அவர் இல்லத் திருமணங்களில் முன்னின்றோம். ஆயினும் உறவு மீண்டும் மீண்டும் காற்றிழந்தது. மைத்துனரின் குணம் என்றோம். உறவினரின் கோள் என்றோம். தந்தையார் விட்டுச் சென்ற நிலத்தில் அவருக்குரிய பங்கை, பெரியவர்கள் நடுவே தலை குனிந்து அவர் சொன்ன "அண்ணனே வைத்துக்கொள்ளட்டும்" என்னும் ஒரு சொல்லைக் கொண்டு நாம் வைத்துக்கொண்டோம் என்பதை மட்டும் எண்ணிப் பார்த்ததில்லை. வாரிசுரிமைச் சட்டமாகிய ஃபராயிளை ஆண்டுதோறும் மாணவருக்கு நடத்துகிறவர் நாம்!

வாயால் விட்டுக் கொடுத்தபின் குற்றம் என்ன என்று கேட்கலாம். வெட்கத்தின் வாயிலாகப் பெற்ற பொருள் பறித்த பொருளை ஒக்கும் என்பது நம் சட்ட அறிஞர் கருத்து. "28க்கு ஒன்றரை" என்று நாம் கேட்டு வாங்கும் டயரைப் பிரெஞ்சுக்காரர் "700 பி" என்பர். பெயர் எதுவாயினும் அது அமரும் ரிம்மின் விட்டம் 635 மில்லிமீட்டர்தான். பறித்ததற்கு "விட்டுக் கொடுத்தது" என்று பெயரிட்டாலும் அதன் அளவு மாறிவிடுமா? உரியதை முதலில் உரியவர் கையில் ஒப்படைத்தல் வேண்டும். அதன்பின் அவர் மனமுவந்து தந்தால் அதுவே ஹிபா. தராவிடினும் அது அவர் உரிமை.

அவ்வாறே பத்திரம் முடித்துத் தங்கையின் கையில் கொடுத்தோம். அவர் அதைத் திருப்பித் தரவில்லை. தருவார் என்று நம் உள்ளத்தின் ஒரு மூலை எதிர்பார்த்ததை அப்போதுதான் உணர்ந்தோம். அந்த முனையையும் அரத்தால் தேய்க்க வேண்டியிருந்தது.

வாசக அன்பர்களே, ஒரே தவறு உங்கள் இல்லத்திலும் திரும்பத் திரும்ப நேருமாயின், புதியதை மாட்டுமுன் விரலை உள்ளே விட்டு ஒருமுறை தடவிப் பாருங்கள். அப்படிப் பார்க்கும் துணிவை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.