ஞானப்பெற்றோரும் வம்புப்பேச்சும்



ஆங்கிலம் படிக்கும் உங்கள் பிள்ளைகளைக் கேளுங்கள். 'காட்' என்றால் சர்வேசுரன் என்பார்கள். அச்சொல்லைத் தலையில் தாங்கிய கூட்டுச்சொற்கள் அந்தப் பாஷையில் பல. காட்பாதர் ஞானத்தகப்பன், காட்மதர் ஞானத்தாய். விடைபெறும்போது சொல்லும் 'குட்பை'யும் 'சர்வேசுரன் உம்மோடு இருப்பாராக' என்ற ஆசீர்வாதம் தேய்ந்து சுருங்கியதே. 'காஸ்பெல்' மட்டும் நம்மை ஏமாற்றும். அதன் முன்னே நிற்பது 'நல்ல' என்னும் சொல்; நம் சுவிசேஷத்தில் 'சு' நிற்பதுபோல.

இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததென்று யாரும் எண்ணாத சொல் ஒன்றுண்டு: 'காஸிப்'. இன்று அதற்கு வம்பு, புறணி என்று பொருள். பழைய ஆங்கிலத்தில் அது 'காட்ஸிப்'. 'ஸிப்' என்றால் உறவு. ஞானஸ்நானத் தொட்டியருகே உண்டான உறவினருக்கு, அதாவது ஞானப்பெற்றோருக்கு, அது மரியாதையான பெயர். வெறும் உபசார உறவல்ல அது. திருச்சபை அதை விவாகத்துக்கே தடையாக வைத்திருந்தது. 1563-ல் திரிதெந்தீன் சங்கம் அத்தடையின் எல்லையைச் சுருக்கியது. இலத்தீன் திருச்சபையில் 1983-ம் ஆண்டுச் சட்டத்தொகுப்போடுதான் அது நீங்கிற்று.

அச்சொல் பிறகு நெருங்கிய சிநேகிதரைக் குறித்தது; பிரசவ வீட்டில் கூடும் தோழிமாரைக் குறித்தது. 16-ம் நூற்றாண்டில் வாயாடிக்குப் பெயராயிற்று. 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வீண்பேச்சுக்கே பெயராயிற்று. பெண்கள் கூடினால் இப்படித்தான் என்று சிலர் உரை சொல்வார்கள். டீக்கடைப் பெஞ்சைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லத் துணியமாட்டார்கள்.

பழைய சடங்கில் குருவானவர் குழந்தையைப் பார்த்தே கேள்வி கேட்பார். 'விசுவசிக்கிறேன்' என்று ஞானத்தகப்பன் அதன் பேரால் பதில் சொல்வான். (1969-ல் வெளியான சடங்குமுறையில் பெற்றோரும் ஞானப்பெற்றோரும் தங்கள் சொந்த விசுவாசத்தையே அறிக்கையிடுகிறார்கள்.) பேச இயலாத ஒருவனுக்காக அவன் வாயைத் திறந்தான். வம்பு பேசுகிறவனும் பதில் சொல்ல இயலாத ஒருவனைக் குறித்தே வாய் திறக்கிறான். முன்னவன் அவன் பக்கம் நின்றான். பின்னவன் எதிரே நிற்கிறான்.

அப்படியானால் அங்கில்லாதவரைப் பற்றிப் பேசவே கூடாதா? அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் அவ்வளவு கடுமையாய்ச் சொல்லவில்லை. அவசியமான நன்மைக்காக, தகுந்த முறையில் பிறர் குறையைச் சொல்வது புறங்கூறல் ஆகாது என்கிறார். ஆனால் தடுக்கக்கூடியவன் தடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தால் அவனும் பாவத்தில் பங்காளி என்கிறார். 'நிசத்தைத்தானே சொன்னேன்' என்பது நம்மில் பலர் சொல்லும் சாக்கு. அது செல்லாது. பொய்யானால் அபாண்டம், நிசமேயானாலும் காரணமின்றிச் சொன்னால் பிறனுடைய நற்பெயரைக் களவு செய்ததாகும்.

பக்கத்து வீட்டு வாலிபன் குடிக்கிறான், அது நிசம் என்றே வைத்துக்கொள்வோம். அவன் தகப்பனிடம் தனியே சொல்வது உதவி. அவனுக்குப் பெண் கொடுக்க இருப்பவர்கள் நேரில் விசாரித்தால் மறைக்காமல் சொல்வதும் நியாயமே. ஆனால் குழாயடியில்? கேட்கிற பத்துப் பேரில் ஒருவராலும் அவனுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. மறுநாள் அவன் தெருவில் நடக்கும்போது பத்துப் பேரும் அவனைப் பார்க்கும் பார்வைதான் மாறியிருக்கும். அவனுக்கும் ஒரு ஞானத்தகப்பன் இருப்பார்; இதே பங்கில், இரண்டு தெரு தள்ளிக்கூட இருக்கலாம். அவரிடம் யாராவது போய்ச் சொன்னார்களா?