ஸ்நானமும் அஹிம்ஸையும்

திருவரங்கத்தில் பள்ளிகொண்டிருக்கும் பெரிய பெருமாளின் திருமேனி கல்லால் ஆனதன்று, சுதையால் ஆனது. அதனால், உற்சவ மூர்த்தியாகிய நம்பெருமாளுக்குப் பாலும் தயிரும் மஞ்சளும் சந்தனமும் கொண்டு விமரிசையாகத் திருமஞ்சனம் நடைபெறும் அதே கோயிலில், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே அமைந்த அந்த ஊரில் நீருக்குக் குறைவில்லாதபோதும், மூலவர்மீது ஒரு குடம் நீர்கூட ஊற்றப்படுவதில்லை. உரிய காலத்தில் தைலக்காப்பு மட்டுமே சாத்தப்படுகிறது. பழனியில் தண்டாயுதபாணியின் நவபாஷாணத் திருமேனி தேய்ந்துவிடாதிருக்கும்பொருட்டு மூலவருக்குச் செய்யும் அபிஷேகத்தைக் குறைத்துக்கொள்ள நேர்ந்ததையும் நாம் அறிவோம். இவ்விரு தலங்களிலும் இதனால் பக்தி குறைந்துவிட்டதாக எவரும் கருதுவதில்லை. எதைத் தூய்மை செய்கிறோமோ அதன் இயல்பைக் கொண்டுதான் தூய்மை செய்யும் முறையையும் திரவியத்தையும் நிர்ணயிக்கவேண்டும் என்ற நுட்பமான விதியை நம் ஆகம மரபு தெய்வத் திருமேனியின் விஷயத்தில் இவ்வளவு கவனத்தோடு போற்றி வந்திருக்க, அதே விதியை நாம் நம் சொந்தச் சிரசின் விஷயத்தில் அடியோடு மறந்துவிட்டோம் என்பதே எனக்கு நெடுநாளாக உறுத்திக்கொண்டிருக்கும் எண்ணம்.

தலைக்குத் தேய்க்கும் ஷாம்புவில் என்ன சேர்ந்திருக்கிறது என்ற கேள்வியைத் தத்துவ விசாரத்துக்குள் இழுத்துவருவது சிலருக்கு அற்ப விஷயமாகத் தோன்றலாம். ஆனால் தர்மம் என்பது மகாயுத்தங்களிலும் பெருந்தியாகங்களிலும் மட்டும் சோதிக்கப்படுவதன்று; நாள்தோறும் கை பழகிப்போய்ச் சிந்தனையின்றிச் செய்யும் காரியங்களில்தான் அது மிகுதியாகச் சோதிக்கப்படுகிறது. தூய்மைக்காக ஒன்றைத் துன்புறுத்தலாமா, துன்புறுத்திப் பெற்ற தூய்மை தூய்மைதானா என்ற கேள்வி குளியலறையில் எழுந்தாலும் கோயிலில் எழுந்தாலும் ஒரே கேள்விதான்.

பதஞ்சலி முனிவர் வகுத்த அஷ்டாங்க யோகத்தில் சௌசம் என்னும் தூய்மை நியமங்களில் முதலாவதாக வைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் நியமத்துக்கு முன்னே யமம் நிற்கிறது. யமங்களில் முதலாவது அஹிம்ஸை. ஆக, கொல்லாமையும் வருத்தாமையும் வேரூன்றிய பிறகே கழுவுதலும் துலக்குதலும் வருகின்றன என்பது அந்த வரிசையிலேயே அடங்கியிருக்கிறது. இதற்கு ஒரு தடை கூறலாம்: சௌசத்தில் நிலைபெற்றவனுக்குத் தன் அங்கங்களிடத்திலேயே அருவருப்புத் தோன்றும் என்று அதே பதஞ்சலி சொல்லவில்லையா, அப்படியானால் உடலை அழுக்கின் இருப்பிடமாக எண்ணி ஓயாமல் தேய்த்துக் கழுவுவதுதானே யோகியின் மனப்பான்மைக்கு நெருங்கியது? எனக்கு அப்படித் தோன்றவில்லை. எவ்வளவு கழுவினாலும் இந்தச் சரீரம் முற்றத் தூயதாகிவிடப்போவதில்லை என்று கண்டவனுக்கு உண்டாவது வைராக்கியம். அந்த வைராக்கியம் வந்தவன் முன்னிலும் அதிகமாகத் தேய்க்கமாட்டான், தேவையான அளவோடு நிறுத்திக்கொள்வான். திருமூலரோ உடம்பை இழுக்கென்று எண்ணியிருந்த நிலையைக் கடந்து, அதனுள்ளே உத்தமன் குடிகொண்டிருப்பதைக் கண்டு, அதைப் பேணிக் காக்கத் தொடங்கியதாகச் சொல்கிறார். ஒருவர் பற்றறுத்தும் மற்றவர் பக்தி கொண்டும் வந்து சேர்கின்ற இடம் ஒன்றே: உடலோடு யுத்தம் செய்யாதே என்பது.

இந்த விசாரத்தை எல்லை வரைக்கும் கொண்டுசென்றவர்கள் சமணர்கள். திகம்பர முனிவர்களுக்கு விதிக்கப்பட்ட இருபத்தெட்டு மூலகுணங்களில் ஸ்நானம் செய்யாமை ஒன்று. தலைமயிரைக் கத்தி படாமல் தம் கையாலேயே பறித்தெடுக்கும் கேசலோசம் மற்றொன்று. தேகத்தின்மீது பற்று வைக்கலாகாது என்பதோடு, நீரிலும் மேனியிலும் வாழும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களை வருத்தலாகாது என்பதும் அந்த விரதத்தின் காரணம். செஞ்சியை அடுத்த மேல்சித்தாமூரில் மடம் கொண்டு வந்தவாசி வட்டாரமெங்கும் வாழ்ந்துவரும் நம் தமிழ்ச் சமணர்கள், இல்லறத்தாராகையால் நம்மைப்போலவே நீராடுகிறார்கள். எனினும் நீராடாத முனிவரின் காலில் விழுந்து வணங்குகிறார்கள். தூய்மை நீரில் இல்லை, வருத்தாமையில் இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக ஒரு சமூகம் காட்ட முடியாது. அந்த முனிவர்கள் அஞ்சிய நுண்ணுயிர்கள் கற்பனையல்ல என்பதும் இன்று நிச்சயமாகிவிட்டது. மலசீசியா என்ற பூஞ்சை வயதுவந்த ஏறக்குறைய எல்லாருடைய தலையிலும் குடியிருக்கிறது; தலையில் சுரக்கும் எண்ணெயைத் தின்று அது விடும் கழிவு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கே பொடுகு உண்டாகிறது. அதை அடியோடு ஒழிக்க இயலாது. பெருக்கத்தை அடக்கி வைத்தால் போதுமானது.

முனிவரின் வழி முனிவருக்கு. இல்லறத்தில் இருப்பவன் வேர்வையும் புழுதியும் படிந்த தலையோடு இருக்க முடியாது. அவன் குளிக்கத்தான் வேண்டும். அவன் அறிந்துகொள்ளவேண்டியது, தன் தலையில் இருப்பவற்றுள் எது அழுக்கு, எது அழுக்கல்ல என்பதே. மயிர்க்கால் ஒவ்வொன்றின் அருகிலும் உள்ள சுரப்பியிலிருந்து கசியும் நெய்ப்பசை, தோல் வறண்டு வெடிக்காமல் காப்பதற்காக இயற்கை இட்ட காப்பு. சுமார் 5.5 என்ற அளவில் மெல்லிய அமிலத்தன்மையுடன் இருக்கும் தோலின் மேற்பரப்பும் அந்தக் காப்பைச் சேர்ந்ததே. இதன்மேல் ஒன்பது, பத்து என்ற காரத்தன்மையுள்ள சாதாரணக் குளியல் சோப்பைத் தேய்த்தால் மயிரின் மேலுறைச் செதில்கள் எழும்பிக் கூந்தல் முரடாகிறது. உப்பு நீராயின் சோப்பு அந்நீரிலுள்ள சுண்ணத்தோடு கூடித் திரிதிரியாய்ப் படிகிறது. சோப்பும் ஷாம்புவும் வேலை செய்யும் விதமோ மிக எளியது: ஒரு முனை எண்ணெயையும் மறுமுனை நீரையும் பற்றிக்கொள்ளும் மூலக்கூறுகள் எண்ணெயைச் சூழ்ந்து நீரோடு இழுத்துச் செல்கின்றன. அந்த மூலக்கூறுக்குப் புழுதி கலந்த பழைய எண்ணெய் எது, தோலைக் காக்கும் புதிய நெய்ப்பசை எது என்று பகுத்தறியும் விவேகம் இல்லை. நித்தியம் எது அநித்தியம் எது என்று பிரித்தறிவதையே வேதாந்தம் சாதனையின் முதற்படியாகக் கூறுகிறது. திரவியத்துக்கு இல்லாத அந்த விவேகத்தை அதைத் தேர்ந்தெடுக்கும் மனிதன்தான் கொண்டிருக்கவேண்டும்.

தேர்வு என்று வந்தவுடன், மூலிகையாயிருந்தால் நல்லது, ரசாயனமாயிருந்தால் தீயது என்று தீர்ப்புச் சொல்லி முடித்துவிடுகிறோம். சீயக்காயை நான் குறைத்துப் பேசமாட்டேன். நல்ல வெயிலில் சலசலவென்று ஓசையெழும் வரையில் காயவைத்த காயோடு, வெந்தயமும் பச்சைப்பயறும் பூலாங்கிழங்கும் ஆவாரம்பூவும், பிழிந்து எறிந்த எலுமிச்சையின் உலர்ந்த தோலும் சேர்த்து, மில்லில் தும்மிக்கொண்டே அரைத்து வாங்கிவந்து, சனிக்கிழமையோ வெள்ளிக்கிழமையோ சோறு வடித்த கஞ்சியில் குழைத்துத் தேய்த்த நம் பாட்டிமார்கள், காயிலுள்ள சபோனின் என்னும் நுரைப்பொருளின் பெயரை அறியாமலிருக்கலாம். ஆனால் தனிச் சீயக்காய் வறட்டும், பயறும் வெந்தயமும் கஞ்சியும் சேர்ந்தால் அந்த வறட்சி அடங்கும் என்பதை நன்கு அறிந்திருந்தார்கள். கொங்கு நாட்டில் உசிலை இலையைப் பொடித்து அரப்பு என்று தேய்ப்பதும் இதே ஞானத்தின் மற்றொரு கிளை. ஆயினும் சீயக்காய்த் தூள் கண்ணில் பட்டால் எப்படி எரியும் என்பதைத் தீபாவளி விடியற்காலையில் அழுத குழந்தைகள் எல்லாரும் அறிவார்கள். பூந்திக்கொட்டையின் எரிச்சல் அதற்கும் மேல்.

மறுபக்கத்தைப் பாருங்கள். இன்று பலரும் பெயரைக் கேட்டாலே அஞ்சும் சோடியம் லாரில் சல்பேட்டைத் தேங்காய் எண்ணெயிலிருந்தே தயாரிக்கிறார்கள். அது புற்றுநோய் தரும் என்ற வதந்திக்கு ஆதாரமில்லை. ஆனால் வலிமை மிகுந்தது, தோலின் நெய்ப்பசையை மிகுதியாக உரித்தெடுத்து உணர்ச்சிமிக்க தோலை எரியவைக்கவல்லது. அதே தேங்காயிலிருந்து பிறக்கும் கோகமிடோபுரொப்பைல் பீட்டைனும், கோகோ குளுக்கோசைடும், சோடியம் கோகோயில் ஐசிதயோனேட்டும் சாதுவான சுபாவம் உடையவை. ஒரே தென்னையில் பிறந்த இவற்றுள் ஒன்று கடுமையாகவும் மற்றவை மென்மையாகவும் இருப்பதைக் காணும்போது, உயர்வு தாழ்வைப் பிறப்பைக் கொண்டு சொல்வது மனிதர் விஷயத்தில் எவ்வளவு பிழையோ, அவ்வளவே பிழை திரவியங்களின் விஷயத்திலும் என்பது விளங்கும். குணத்தையும் செய்கையையும் கண்டுதான் கொள்ளவேண்டும்.

குணத்தைக் காண்பதற்கு உண்மை வேண்டும். இங்கேதான் வியாபார உலகம் நம்மைக் கைவிடுகிறது. ஒரு காலத்தில் சீமான்களின் ஸ்நான அறைகளில் மட்டும் இருந்த ஷாம்புவைச் சிறு பாக்கெட்டில் அடைத்துச் சில்லறைக் காசுக்குக் கூலிக்காரப் பெண்ணும் வாங்கும்படி செய்த பெருமை கடலூர் சின்னி கிருஷ்ணனையும் அவர் குடும்பத்தாரையும் சேரும். அந்தச் சமத்துவத்தை நான் மனமாரப் போற்றுகிறேன். ஆனால் இன்று கடைகளில் செம்பருத்தியும் கற்றாழையும் படமாக மலர்ந்திருக்கும் எத்தனையோ புட்டிகளின் பின்புறத்தில், எறும்பைவிடச் சிறிய எழுத்தில், நீருக்கு அடுத்த பெயராக ஏதேனுமொரு சல்பேட்டே நிற்கிறது; செம்பருத்தியோ வாசனைத் திரவியத்தின் அருகில், கடைசி வரியில் ஒதுங்கிக் கிடக்கிறது. புறத்தூய்மைக்கு நீர் போதும், அகத்தூய்மைக்கு வாய்மை வேண்டும் என்று வள்ளுவர் வாய்மை அதிகாரத்தில் வகுத்துக் காட்டியதை, புறத்தூய்மைப் பொருளை விற்பவர்களே மறந்திருப்பது மிகவும் வருந்தத்தக்கது.

மென்மை யாருக்கு என்ற கேள்வி இதைவிட ஆழமானது. 1944இல் அமெரிக்க அரசின் உணவு மருந்துத் துறையைச் சேர்ந்த ஜான் டிரெய்ஸ் என்பவரும் அவருடைய சகாக்களும் ஒரு பரிசோதனை முறையை வெளியிட்டார்கள். வெள்ளை முயலின் ஒரு கண்ணின் கீழிமையைப் பற்றி இழுத்துப் பை போலாக்கி, அதில் சோதிக்கவேண்டிய பொருளைச் சில துளி விட்டு, மற்றொரு கண்ணை ஒப்பிடுவதற்காக விட்டுவைத்து, கண் சிவப்பதையும் வீங்குவதையும் கருவிழிப் படலம் மங்குவதையும் நாள்கணக்கில் அளந்து குறித்தார்கள். தலை மட்டும் வெளியே நீட்டியிருக்கும்படி பெட்டியில் பூட்டப்பட்ட அந்த முயலுக்குக் கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் வழியில்லை. மனிதக் கண்ணுக்கு எரியாது என்ற உறுதியைத் தருவதற்காக ஷாம்புகளும் இந்த வழியே வந்தன. என் குழந்தையின் கண் கலங்காதிருக்க மற்றோர் உயிரின் கண் குருடாகலாம் என்பதை எந்தச் சமயமும் தூய்மை என்று ஒப்புக்கொள்ளாது. 1980இல் ஹென்றி ஸ்பைரா என்ற தனிமனிதர் அமெரிக்காவில் இதை எதிர்த்துப் பெருங்கிளர்ச்சி நடத்தினார். ஐரோப்பிய ஒன்றியம் விலங்குகள்மீது சோதித்த அழகுப் பொருள்களின் விற்பனையை 2013இல் முழுவதும் தடுத்தது. இந்தியா 2014இல் அத்தகைய சோதனையையும், சோதிக்கப்பட்டவற்றின் இறக்குமதியையும் தடைசெய்தது. மகாவீரர் பிறந்த நாட்டில் இச்சட்டம் இவ்வளவு தாமதமாக வந்ததே என்ற குறை ஒருபுறம் இருந்தாலும், வந்தது பெரும்பேறு.

தலையிலிருந்து இறங்கிய நுரை சாக்கடையோடு மறைந்துவிடுவதுமில்லை. பெங்களூரின் கழிவைச் சுமந்துவரும் தென்பெண்ணை, ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் வெண்பனி மலையாகப் பொங்கி நிற்பதைப் பார்த்தவர்கள், நுரை எவ்வளவு பொங்குகிறதோ அவ்வளவு சுத்தம் என்ற நம்பிக்கையை அன்றே விட்டுவிடுவார்கள். நுரைக்கும் சுத்தத்துக்கும் அப்படியொரு விகிதம் கிடையாது. மென்மையான சரக்குகள் பெரும்பாலும் குறைவாகவே நுரைக்கும்.

ஆதலால் வாசகர்களை நான் வேண்டிக்கொள்வது இவ்வளவே. புட்டியை வாங்குமுன் திருப்பி அதன் பின்புறத்தைப் படியுங்கள். பெயர்கள் அளவின் இறங்குவரிசையில் அச்சிடப்படுவதால் முதல் நான்கைந்து பெயர்களே உண்மையைச் சொல்லிவிடும். தலை வறண்டு அரிப்பவர்கள் லாரில் சல்பேட் முன்னணியில் நிற்பதைத் தவிர்த்து, பீட்டைனோ குளுக்கோசைடோ முன்னிற்பதைத் தேடுங்கள். வாசனைத் திரவியம் ஒத்துக்கொள்ளாதவர்கள் வாசனையற்றதைக் கேட்டு வாங்குங்கள். சீயக்காய் ஒத்துக்கொள்பவர்கள் பயறும் கஞ்சியும் சேர்த்து அதையே தொடருங்கள். வெந்நீர் கழுத்துக்குக் கீழே பலம் தரும், தலையில் விட்டால் மயிருக்கும் கண்ணுக்கும் பலத்தைக் கெடுக்கும் என்று வாக்படர் அஷ்டாங்க ஹ்ருதயத்தில் எழுதிவைத்திருப்பதால், தலைக்கு மட்டும் ஆறிய நீரைக் கொள்ளுங்கள். நகத்தால் பிறாண்டாமல் விரல் நுனியால் தேயுங்கள். பொடுகு உள்ள தலையில் எண்ணெயை ஊறவைத்தால் அது போய்விடும் என்று நம்பவேண்டாம், எண்ணெய் அந்தப் பூஞ்சைக்கு உணவாகிவிடும். சில வாரங்களில் அடங்காத பொடுகைத் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.