உரிமையும் கடப்பாடும்: இறந்த செய்மதிகள் பற்றிய ஓர் அறநோக்கு

1984 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் டிஸ்கவறி என்னும் அமெரிக்க விண்ணோடம் இரு செய்மதிகளை விண்வெளியிலிருந்து மீட்டுப் பூமிக்குக் கொண்டுவந்தது. ஒன்று இந்தோனேசியாவுக்காக ஏவப்பட்ட பலாப்பா பி2. மற்றையது வெஸ்ரார் 6. அவ்வாண்டு பெப்ரவரியில் ஏவப்பட்டபோது உந்துபொறி பழுதுற்றமையால், அவை உரிய சுற்றுப்பாதையை அடையாது பயனற்றுப் போயிருந்தன. உரிமையாளருக்கு இழப்பீடு வழங்கிய காப்புறுதி நிறுவனத்தார் செய்மதிகளின் உரித்தைப் பெற்று, அவற்றை மீட்டுத் தருமாறு நாசாவுக்குப் பணஞ் செலுத்தினர். பணி முடிந்ததும் விண்வெளி வீரர் டேல் கார்ட்னர் ‘விற்பனைக்கு’ என்றெழுதிய பலகையொன்றைக் கையிலேந்திப் படமெடுத்துக்கொண்டார். வெஸ்ரார் 6 செப்பனிடப்பட்டு, 1990 இல் ஏசியாசற் 1 என்னும் புதுப்பெயருடன் மீண்டும் விண்ணேறியது. அன்று வேடிக்கையாகத் தூக்கப்பட்ட அப்பலகை, இன்று உருவாகிவரும் ஒரு வணிகத்தின் பெயர்ப்பலகையாகவே தோன்றுகின்றது.

அவ்வணிகம் வெறுங் கற்பனையன்று. 2020 பெப்ரவரியில் நோத்றொப் கிரமன் நிறுவனத்தின் எம்.ஈ.வி. 1 என்னும் கலம், 2001 இல் ஏவப்பட்டு எரிபொருள் தீருந் தறுவாயிலிருந்த இன்ரெல்சற் 901 என்ற செய்மதியை அணுகி, அதன் உந்துபொறிக் கூம்பினுள் தன் பற்றுகோலைச் செலுத்தி அதனுடன் பிணைந்துகொண்டது. எம்.ஈ.வி. 1 தாங்கிநிற்க, அச்செய்மதி மேலும் ஐந்து ஆண்டுகள் உழைத்தது. பின்னர் 2025 இல் ‘இடுகாட்டுச் சுற்றுப்பாதை’ எனப்படும் பாதையில் விடப்பட்டது. செய்மதிகள் பூமியின் சுழற்சியோடு ஒத்துச் செல்லும், ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்திலுள்ள பாதைக்கும் சுமார் 300 கிலோமீற்றர் மேலே அவ்விடுகாடு அமைந்துள்ளது. அங்கு விடப்பட்டது அழிந்துபோவதில்லை. பிறர் வழியிலிருந்து விலக்கி வைக்கப்படுகின்றது, அவ்வளவே.

செய்மதிக்குச் சேவை செய்தலும் இறந்த செய்மதியை அகற்றுதலும் ஒரே தொழிலின் இரு பகுதிகளாகவே பேசப்படுகின்றன. அறநோக்கில் இவை வேறானவை. ஆயுளை நீடிக்கும்போது பயன் பெறுபவரும் பணங் கொடுப்பவரும் ஒருவரே. எனவே அங்கு சந்தை தானாகவே தோன்றுகின்றது. அகற்றுதலிலோ செலவு ஒருவருக்கு, பயன் எல்லோருக்கும். 2002 இல் ஏவப்பட்ட என்விசற் என்னும் ஐரோப்பியச் செய்மதி 2012 ஏப்ரலில் பேச்சிழந்தது. ஏறத்தாழ 8 தொன் நிறையுள்ள அது ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும் என மதிப்பிடப்படுகின்றது. அதனை அகற்றுவதால் எவருக்கும் வருவாய் இல்லை. அகற்றாது விடுவதால் எவருக்கும் உடனடி இழப்பும் இல்லை. விலை இல்லாத இடத்தில் கடமை உண்டா என்பதே இங்கு எழும் வினா.

அவ்வினா வெறும் ஏட்டு வினாவன்று. சிதைவுகள் ஒன்றையொன்று மோதிப் பெருகி, ஒரு கட்டத்தில் புதிதாக எதனையும் ஏவாதபோதிலுங்கூடத் தொடர்ந்து பெருகும் என்பதனை டொனால்ட் கெஸ்லரும் பேட்டன் கூர்-பலேயும் 1978 ஆம் ஆண்டிலேயே கணித்துக் காட்டினர். 2009 பெப்ரவரி 10 ஆம் நாள் சைபீரியாவுக்கு மேலே, சுமார் 790 கிலோமீற்றர் உயரத்தில், இயங்கிக்கொண்டிருந்த இரிடியம் 33 உடன் செயலிழந்த ருஷ்யச் செய்மதியான கொஸ்மொஸ் 2251 மோதியது. அம்மோதலில் கண்காணிக்கத்தக்க அளவுள்ள துண்டுகள் மட்டும் ஈராயிரத்துக்கு மேல் உண்டாயின. ஒரு சென்ரிமீற்றரிலும் பெரிய துண்டுகள் பன்னிரண்டு இலட்சத்துக்கு மேல் இருக்கலாமென ஐரோப்பிய விண்வெளி முகவரகம் 2025 இல் மதிப்பிட்டுள்ளது. செக்கனுக்குப் பல கிலோமீற்றர் வேகத்தில் விரையும் அத்தகைய துண்டொன்று ஒரு செய்மதியை முடித்துவிடப் போதுமானது.

இந்நிலையில் சட்டம் கூறுவது யாது? 1967 ஆம் ஆண்டின் விண்வெளி ஒப்பந்தம் விண்வெளியை மனிதகுலம் முழுவதற்கும் உரிய களமெனப் பிரகடனஞ் செய்தது. அதே ஒப்பந்தம், விண்ணில் ஏவப்பட்ட பொருளின் உரித்து அது அங்கிருப்பதனால் மாறுவதில்லை எனவும் விதித்தது. ஆகவே பிறநாட்டின் செய்மதி செத்துக் கிடப்பினும் உரியவரின் சம்மதமின்றி அதனைத் தொடுதல் ஆகாது. 1972 ஆம் ஆண்டின் பொறுப்புடைமைச் சமவாயமோ, புவிமேற்பரப்பில் விளையும் சேதத்துக்கு ஏவிய நாட்டை முழுப் பொறுப்பாளியாக்கி, விண்ணில் விளையும் சேதத்துக்குத் தவறு நிறுவப்பட்டால் மாத்திரமே பொறுப்பு என வரையறுத்தது. அணு உலையுடன் 1978 இல் கனடாவில் வீழ்ந்த கொஸ்மொஸ் 954 இன் பொருட்டு, 1981 இல் சோவியத் ஒன்றியம் 30 இலட்சம் கனேடிய டொலர் செலுத்த இணங்கியது. விண்ணிலோ, வழிமாற வலுவின்றி மிதக்கும் ஒரு சடப்பொருளின் ‘தவறு’ யாதென நிறுவுவது எளிதன்று. இவ்விரண்டையும் சேர்த்து நோக்குமிடத்து முரண்பாடு தெளிவாகின்றது. செய்மதி இறந்தபின்னும் அதன் மீதான உரிமை இறப்பதில்லை. அதனைப் பற்றிய கடப்பாடு மட்டும் அதனுடன் சேர்ந்து இறந்துவிடுகின்றது.

இதற்குச் சமாதானமாக, முன்னோடிகள் அறியாமையாற் செய்தனர் என்பர். 1958 இல் ஏவப்பட்டு இன்றும் சுற்றிவரும் வான்கார்ட் 1 ஐ அனுப்பியோர், விண்வெளி நெருக்கடிமிக்க இடமாகும் என எண்ணியிருக்க நியாயமில்லை. இது உண்மையே. ஆயினும் பழி வேறு, கடன் வேறு. அறியாது செய்தவரைப் பழிக்க முடியாது. அறிந்த பின்னும் கடனிலிருந்து அவரை விடுவிக்க முடியாது. இருளில் அயலவன் வேலியை முறித்தவன் குற்றவாளி அல்லனாயினும், விடிந்தபின் வேலியைக் கட்டிக்கொடுக்க வேண்டியவன் அவனே. அன்றியும், 1978 இன் எச்சரிக்கைக்குப் பின் ஏவப்பட்டவற்றுக்கு அறியாமை என்னும் இச்சமாதானமும் பொருந்தாது.

வேறு சிலர், தொழில்நுட்பமும் போட்டியும் வளர வளரச் சந்தையே இதனைத் தீர்க்கும் என்பர். நடந்தவை இதற்குச் சான்றாகவில்லை. யப்பானிய நிறுவனமான அஸ்ட்ரோஸ்கேல் அனுப்பிய கலம், 2009 இல் விடப்பட்ட சுமார் 3 தொன் நிறையுள்ள றொக்கற் பகுதியொன்றை 2024 இல் 15 மீற்றர் தூரம்வரை அணுகியது. சுவிற்சர்லாந்தின் கிளியர்ஸ்பேஸ் நிறுவனம், கழிவொன்றை அகற்றுவதற்கென 2020 இல் 8 கோடி 60 இலட்சம் யூரோவுக்கு ஒப்பந்தஞ் செய்தது. செய்பவை தனியார் நிறுவனங்கள்; பணமோ பெரும்பாலும் அரச முகவரகங்களிடமிருந்து, அதாவது பொதுமக்களின் வரியிலிருந்து வந்தது. மறுபுறத்தில், எக்கோஸ்ரார் 7 செய்மதியை 300 கிலோமீற்றர் மேலே உயர்த்த வேண்டியிருக்க, சுமார் 122 கிலோமீற்றர் மட்டுமே உயர்த்திய டிஷ் நெற்வேர்க் நிறுவனத்துக்கு 2023 இல் அமெரிக்க ஒழுங்குமுறை ஆணைக்குழு விதித்த தண்டம் 1,50,000 டொலர். குற்றத்தின் விலை இத்துணை மலிவாகவும் துப்புரவின் விலை அத்துணை உயர்வாகவும் இருக்குமிடத்து, இலாபங் கருதுவோன் எதனைத் தெரிவுசெய்வான் என்பதை விளக்க வேண்டியதில்லை.

அவ்வாறாயின் உரிமை விதியை நீக்கி, இறந்ததை எவரும் எடுக்கலாம் எனவிடலாமா? அதுவும் தகாது. பழுதுற்ற செய்மதியைப் பற்றியிழுக்க வல்ல கரம், பகைநாட்டின் இயங்கும் செய்மதியையும் பற்ற வல்லது. சம்மதம் வேண்டுமென்ற விதி, வலியோரிடமிருந்து எளியோரைக் காக்கும் வேலியுமாகும். எனவே வேண்டுவது உரிமையை ஒழித்தலன்று; உரிமையுடன் கடப்பாட்டையும் பிணைத்தலாகும். ஒரே வாய்க்காலின் நீரைக் கொள்ளும் கமக்காரர், தத்தம் வயலின் அளவுக்கேற்ப அவ்வாய்க்காலைத் துப்புரவு செய்தல் பழைய வழமை. கூலிக்கு ஆள் விட்டும் அதனைச் செய்விக்கலாம். ஆனால் செய்விக்க வேண்டியவன் யார் என்பதில் ஐயமிருப்பதில்லை. அவ்வாறே செய்மதி ஏவுவோரிடம் அதனை அகற்றுதற்கான செலவைப் பிணைப்பணமாக முன்னரே பெறலாம். பழைய கழிவுகளுக்கு, ஏவியவற்றின் தொகைக்கும் நிறைக்கும் ஏற்ப நாடுகள் பங்கு செலுத்தலாம். அத்தகைய கடப்பாடு வகுக்கப்பட்டபின் அதனை நிறைவேற்றுங் கருவியாக வணிகம் பெரிதும் பயன்படும். கடப்பாட்டைத் தோற்றுவிக்கும் ஆற்றல் அதற்கில்லை.

இவ்விடயத்தில் காலந்தாழ்த்துதலும் நடுநிலையன்று. பூமத்தியரேகையை அண்டிய எட்டு நாடுகள் 1976 இல் பொகோற்றாவில் கூடி, தத்தம் நிலத்துக்கு மேலுள்ள புவிநிலைப் பாதையில் தமக்கு உரிமை கோரின. அக்கோரிக்கையை உலகம் ஏற்கவில்லை. விண்வெளி அனைவர்க்கும் பொது என்பதே அவற்றுக்குக் கிடைத்த மறுமொழி. பொது என்னும் அச்சொல், முந்தியோர் பயனைக் கொண்டுசென்றபின் பிந்தியோர் பெறும் எச்சத்துக்கு இட்ட பெயராகிவிடின், அம்மறுமொழி நேர்மையானதாகாது. 1984 இன் பலகை விற்பனைக்கு வைத்தது மீட்கப்பட்ட செய்மதிகளை; அதில் பிழையொன்றுமில்லை. துப்புரவுப் பணிக்கும் கூலி உண்டு, விலை உண்டு. அப்பணியைச் செய்விக்க வேண்டிய கடனை மட்டும் எவரும் விற்றுவிடவோ, பிறர் தலையில் ஏற்றிவிட்டு அகலவோ அறம் இடந்தராது.