மாக்கோழியும் ஜீரோவும்

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியக் கடற்படைக்காக மிட்சுபிஷி நிறுவனம் உருவாக்கிய ஜீரோ போர் விமானம், இறக்கை விரித்த நிலையில் 12 மீட்டர் அகலம். 48-இல் ஒரு பங்கு அளவில் செய்யப்படும் பிளாஸ்டிக் மாதிரியில் அது 25 சென்டிமீட்டர் ஆகிறது; புத்தக அலமாரியிலேயே வைத்துவிடலாம். இப்படிச் சுருக்கும்போது அந்தக் கொலைக்கருவியின் பழியும் சேர்ந்து சுருங்கிவிடுமா? பொழுதுபோக்குதானே என்று பலர் இந்தக் கேள்வியை ஒதுக்கிவிடுவார்கள். ஆனால் 'வெறும் பொம்மைதானே' என்ற சமாதானத்தைச் சமண மரபு எளிதில் ஏற்பதில்லை.

ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்றான யசோதர காவியத்தின் கதையே இந்தச் சமாதானத்தை மறுப்பதற்காக எழுந்தது. தீக்கனவின் பலன் நீங்க உயிர்ப்பலி கொடு என்கிறாள் அரசனின் தாய். உயிர்க்கொலைக்கு அஞ்சும் அரசன் மாவினால் கோழி செய்து, அதை வெட்டிப் பலியிடுகிறான். எந்த உயிரும் போகவில்லை. ஆனாலும் தாயும் மகனும் விலங்கும் பறவையுமாகப் பல பிறவி எடுத்து அல்லலுறுகிறார்கள். வாளுக்கு இரையானது மாவுதான். ஆனால் வாளை ஓங்கிய நெஞ்சில் இருந்தது பலி. வினைக்கு வித்து எண்ணமே என்பதில் பௌத்தமும் உடன்படுகிறது. அதோடு, இல்லறத்தார் செய்யக்கூடாத வாணிகங்களுள் ஆயுத விற்பனையையும் அது சேர்த்திருக்கிறது. எனவே எண்ணம் ஒரு அளவுகோல், செயலால் பிறருக்கு நேர்வது மற்றொன்று. ஜீரோவை வடிவமைத்த ஹோரிகோஷி ஜிரோவை இரண்டாலும் அளக்க வேண்டும். வீட்டு மேசையில் மாதிரி செய்பவருக்கு முதலாவது போதும் என்று தோன்றும்.

அப்படியானால் மாதிரி செய்பவருடைய எண்ணம் என்ன? அவர் வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால் ஓரளவு தெரியும். மாதிரி விமானம் பெரும்பாலும் விமானி அறையிலிருந்துதான் தொடங்கும். உடற்பகுதியின் இரு பாதிகளையும் ஒட்டிவிட்டால் பிறகு உள்ளே தூரிகை போகாது. சட்டத்திலிருந்து துண்டுகளை வெட்டி, பிசிறை உப்புத்தாளால் தேய்த்து, உட்புறத்துக்குப் பச்சை பூசும்போது கைக்கு வருகிறது இருக்கை. விரல் நகத்தைவிடச் சற்றே பெரியது. நல்ல தயாரிப்பாக இருந்தால் அதன் முதுகில் வட்ட வட்டமாகத் துளைகள் தெரியும். அலங்காரத்துக்காக இட்டவை அல்ல. எடையைக் குறைக்க உண்மையான விமானத்திலேயே இருந்தவை. கடற்படை கேட்ட வேகத்தையும் தொலைவையும் வளைந்து திரும்பும் திறனையும் ஆயிரம் குதிரைத்திறனுக்கும் குறைவான எஞ்சினைக் கொண்டு தர வேண்டியிருந்தது. ஹோரிகோஷி கிராம் கிராமாக எடையைக் கழித்தார். சுமிடோமோ உருவாக்கிய புதிய அலுமினியக் கலவை அதற்கு உதவியது. விமானியின் முதுகுக்குப் பின்னால் கவசத் தகடு கிடையாது. குண்டு பட்டால் தானே அடைத்துக்கொள்ளும் எரிபொருள் தொட்டியும் முதலில் வந்த வகைகளில் கிடையாது. 1940-இல் சீன வானிலும், பசிபிக் போரின் முதல் மாதங்களிலும் இந்த விமானத்துக்கு ஈடு அரிதாக இருந்தது. பின்னாளில் சில குண்டுகளே அதைத் தீப்பந்தமாக்கின. ஒரு மனித உயிருக்கு அந்த வடிவமைப்பு எவ்வளவு எடை ஒதுக்கியது என்பதை அந்த இருக்கைக்குப் பெயிண்ட் அடிப்பவர் அறிந்துகொள்வது போல, வரலாற்று நூல் படிப்பவர் அறிவது கடினம். மாதிரி செய்வதில் இப்படி ஓர் அறிவு கிடைக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை.

அதே கவனம் திரையாகவும் ஆகலாம். தொடக்க கால ஜீரோக்களின் சாம்பல் நிறத்தில் எவ்வளவு மஞ்சள் கலந்திருந்தது என்று ஆர்வலர்கள் ஆண்டுக்கணக்கில் வாதிடுகிறார்கள். அந்தச் சாம்பல் நிற விமானம் எங்கே, எதற்காகப் பறந்தது என்பது அந்த வாதத்தில் அநேகமாக வருவதில்லை. 1940 செப்டம்பரில் அது முதல் சண்டை செய்தது சோங்சிங் அருகே. அந்நகரின் மக்கள் மேல் குண்டு பொழிந்த விமானங்களுக்குக் காவலாகச் சென்றபோது நடந்த சண்டை அது. நிறத்தில் இவ்வளவு துல்லியம் தேடுபவர், இதை மட்டும் கேட்காமல் விடுவது தற்செயல் என்று சொல்ல முடியாது.

கடைசியில் நீரில் ஊறவைத்து நழுவவிட்டு ஒட்டும் படங்கள் வருகின்றன. அதுவரை மேசையில் இருப்பது ஏதோ ஒரு ஜீரோ. வாலில் எழுத்தும் எண்ணும் ஏறியதும் அதற்கு ஊரும் நாளும் கிடைத்துவிடுகின்றன. உடலில் ஒற்றைச் சிவப்புப் பட்டை என்றால் அது அகாகி விமானந்தாங்கிக் கப்பலைச் சேர்ந்தது. 1941 டிசம்பரில் பேர்ல் துறைமுகத்துக்கும், 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்புக்கும் விமானங்களை ஏவிய கப்பல். அன்று காலை டார்பிடோ சுமந்துகொண்டு கொழும்பு அருகிலுள்ள ரத்மலானை நோக்கி வந்த ஆறு பிரிட்டிஷ் சோர்ட்ஃபிஷ் விமானங்களை ஜீரோக்கள் எதிர்கொண்டன. துணி போர்த்த, இரட்டை இறக்கை கொண்ட பழைய விமானங்கள் அவை, ஆறும் வீழ்ந்தன. இன்னொருவர் 1944 அக்டோபர் 25-ஐத் தேர்ந்துகொள்ளலாம். பிலிப்பைன்ஸின் மபலகாட் தளத்திலிருந்து செகி யுகியோ தலைமையில் கிளம்பிய தற்கொலைப் படையின் ஐந்து ஜீரோக்களும் தலா ஒரு 250 கிலோ குண்டைச் சுமந்தன. அன்று அமெரிக்கக் கப்பல் செயின்ட் லோ மூழ்கியது. இருக்கையில் துளையிட்ட கணக்கு அங்கே போய் முடிந்தது. இந்த முறை கழிக்கப்பட்டது விமானியே.

எந்த நாளைத் தேர்ந்தெடுக்கிறார், எதற்காக என்பதில் மாதிரி செய்பவரின் எண்ணம் வெளிப்படுகிறது. வீழ்த்திய விமானங்களின் எண்ணிக்கையை வால்பகுதியில் வரிசையாக வரைந்து அதில் திளைப்பவர் மாக்கோழியை வெட்டுகிறார் என்றே காவியம் சொல்லும். அந்த நாளில் நடந்ததைத் தெரிந்துகொள்ளச் செய்பவர் வெட்டவில்லை. இருவர் மேசையிலும் இருப்பது ஒரே பிளாஸ்டிக், ஒரே பசை. சமண அளவுகோலின் வலிமை இந்த வேறுபாட்டைப் பிடிப்பதில் இருக்கிறது. ஆனால் எண்ணம் செய்தவருக்கு மட்டுமே தெரியும். வீட்டு அலமாரியில் இது பெரிய சிக்கல் அல்ல. பொது இடத்தில் காட்சிக்கு வைக்கும்போதுதான் அந்த அளவுகோல் போதாமல் போகிறது.

டோக்கியோவின் யாசுகுனி ஆலயத்தில் போரில் இறந்தவர்கள் தெய்வங்களாக வழிபடப்படுகிறார்கள். தண்டிக்கப்பட்ட போர்க் குற்றவாளிகளும் அவர்களுள் அடக்கம். ஆலய வளாகத்தின் யூஷுகான் அருங்காட்சியகத்தில், நுழைந்தவுடன் கண்ணில் படுவது ஒரு முழு அளவு ஜீரோ. பளபளக்கும் பச்சை, குறையற்ற செந்நிற வட்டம். இதை நிறுத்தியவர்களின் நெஞ்சில் இருந்தது அஞ்சலியா பெருமிதமா என்று வெளியிலிருந்து அறிய வழியில்லை. அங்கே பௌத்தத்தின் இரண்டாவது அளவுகோலைத்தான் எடுக்க வேண்டும்: பார்ப்பவரிடம் அது என்ன செய்கிறது? ஜப்பானின் பௌத்த மடங்கள் தங்களையே இப்படி அளந்து பார்க்க நீண்ட காலம் ஆயிற்று. போர்க்காலத்தில் ஜென் பிரிவுகள் அரசின் போரை ஆதரித்தன. சோட்டோ ஜென் பிரிவு அதற்காக வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது 1992-இல்.