சுவருக்கு இருபுறமும்

பெரு நாட்டின் தலைநகரான லிமாவில் குன்றுகளின் ஒரு சரிவில் நீச்சல் குளங்களுடன் கூடிய மாளிகைகள். மறு சரிவில் பலகை வீடுகள். அங்குள்ள ஏழைகள் லாரி நீரை அதிக விலை கொடுத்து வாங்குகின்றனர். இரண்டையும் பிரித்து நின்றது சுமார் 10 கிலோமீட்டர் நீளச் சுவர். திருட்டும் நில ஆக்கிரமிப்பும் நேருமோ என்ற அச்சமே அதை எழுப்பிற்று. மாளிகைகளுக்குப் பணிசெய்யச் சென்றவர்கள் நெடுந்தூரம் சுற்றி நடந்தனர். மக்கள் அதற்கு இட்ட பெயர் ‘அவமானச் சுவர்’.

2022-இல் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் அதன் ஒரு பகுதியை அகற்ற ஆணையிட்டது. 2023-இல் இடிப்பு தொடங்கியது.

அன்பர்களே, கற்சுவரை இடிக்க நீதிமன்றம் உண்டு. நம் இல்லத்தில் பாத்திரம் துலக்கும் அம்மையாரின் தெருவில் குடிநீர் எப்போது வருகிறது என்பதை நாம் அறிவோமா? அறியோமெனில், சுவர் நம் உள்ளத்தில் நிற்கிறது. அதை நாமே இடிக்க வேண்டும். இன்றே அவரிடம் கேட்போம்.