அரை அடி இடது பக்கம்

மயிலாப்பூரில் டாங்க் என்றால் தெப்பக்குளம் என்றுதான் அர்த்தம். யுத்த வண்டிக்கு அந்தப் பெயர் வந்ததே ஒரு பொய்யினால். முதல் உலக யுத்தத்தின்போது இங்கிலாந்துக்காரர்கள் அதை ரகசியமாகச் செய்தார்கள்; கேட்டவர்களிடம் தண்ணீர்த் தொட்டி என்று கதை கட்டினார்கள். 1916இல் அது போர்க்களத்தில் இறங்கிய பிறகும் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆகவே அந்தப் பெயரில் மூத்த பாத்தியதை எங்கள் குளத்துக்கே என்பது என் கட்சி.

என் மருமான் இதை ஒப்புக்கொள்வதில்லை. பொறியியல் படிக்கிற பிள்ளை. போன வருஷம் முழுவதும் எங்கள் மொட்டை மாடியில் ஒரு டாங்கி கட்டினான். அசலில் ஆறில் ஒரு பங்கு. நாலடிக்கு மேல் நீளம். மோட்டார்கள் புதுப்பேட்டையில், ரேடியோ ரிச்சி தெருவில் வாங்கியவை. இரண்டு பக்கமும் சங்கிலிப் பட்டை, பட்டைக்கு ஒரு மோட்டார். வலது பட்டையை நிறுத்தினால் வண்டி வலது பக்கம் திரும்பும். "மாட்டு வண்டியில் ஒரு மாட்டை இழுத்துப் பிடிக்கிற சங்கதிதானே?" என்றேன். அவன் முகம் சுருங்கிவிட்டது.

பீரங்கி வாயிலிருந்து வருவது சாயம். மருந்துக் கூடு மாதிரி ஜெலட்டின் உருண்டை. 17 மில்லிமீட்டர் பருமன், மூன்று கிராம் எடை, உள்ளே தண்ணீரில் கரைகிற வர்ணம். அழுத்திய காற்று அதை வினாடிக்கு 90 மீட்டர் வேகம்வரை தள்ளும். அமெரிக்காவில் மரத்துக்கும் மாட்டுக்கும் அடையாளம் இடுவதற்கு ஏற்பட்ட துப்பாக்கி இது. 1981இல் பன்னிரண்டு பேர் ஒரு காட்டில் அதை வைத்து ஆட்டம் ஆடினார்கள். ஜெயித்தவர் ஒரு தரம்கூடச் சுடாமல் கொடிகளைக் கவர்ந்து வந்தவர். அவர் பெயரும் ரிச்சிதான்! கண்ணில் பட்டால் பார்வை போய்விடும் என்பதால், முகமூடி இல்லாமல் ஆட்டக்களத்தில் யாரும் நிற்கக் கூடாது என்பது விதி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சோதனை நடந்தது. எங்களுடையது முட்டுச் சந்து. கோடிச் சுவரில் ஓர் அட்டை, டாங்கி தெருவில், மருமானும் நானும் மாடியில். டாங்கியின் காமிரா காண்பது அவன் கையிலிருந்த செல்போன் திரையில் தெரிந்தது. மேலே நிற்பவனுக்கு எதற்கென்று அவன் முகமூடி ஆணியில் தொங்கியது.

சுவரோரம் இஸ்திரிக்காரரின் வண்டி. "தள்ளிக்கோங்கண்ணே" என்று இவன் சொல்லியிருந்தான். அவரும் தள்ளித்தான் நின்றார். கரி அள்ள ஒரு நிமிஷம் திரும்பி வந்தார். உருண்டை அவர் தோளில் வெடித்தது. "ஐயோ!" என்று கரித்தட்டைக் கீழே போட்டுவிட்டார்.

மருமான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அரை அடி லெஃப்ட்ல போயிடுத்து மாமா" என்று சொல்லிக்கொண்டே பீரங்கியைத் திருப்பினான்.

கரப்பான் பூச்சியைத் தாளில் ஏந்தி வெளியே விடுகிற பிள்ளை அவன். அந்தக் கணத்தில் பொய்யும் சொல்லவில்லை. பிழை அரை அடிதான். "அவர் கத்தினது கேட்கலையாடா?" என்று பிற்பாடு கேட்டேன். வெகுநேரம் யோசித்தான். "கேட்டது மாமா. ஆனா அது ஸ்கிரீன்லேருந்து வரலியே" என்றான்.

நான் அன்று இரவு தூங்கவில்லை. இந்த ஊருக்கும் இது புதிதல்ல. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் கடலில் நின்றபடி நம் துறைமுகத்தருகே எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது. கப்பலில் இருந்தவர்களுக்கு அது இருட்டில் மூண்ட தீ. கரையில் சிலர் செத்தார்கள். ஊர் மூட்டை கட்டிக்கொண்டு ஓடிற்று. அந்தக் கப்பல் தலைவரைக் கண்ணியவான் என்று எதிரிகளே புகழ்ந்தார்கள். கண்ணியவானாகத்தான் இருந்திருப்பார். என் மருமானும் கண்ணியவான்தானே?

1965இல் விஜயந்தா டாங்கி வெளிவந்த ஆவடியில், அங்குள்ள ராணுவ ஆராய்ச்சி நிலையம் 2017இல் 'முந்த்ரா' என்ற வண்டியைக் காட்டியது. உள்ளே ஆள் கிடையாது, தொலைவிலிருந்து ஓட்டலாம். வேவு பார்க்க, கண்ணிவெடி தேட, அணுக்கதிர் சோதிக்க என்று வகைகள். இதை நான் குறை சொல்ல மாட்டேன். உன் பிள்ளையே கண்ணிவெடிமேல் நடக்கட்டும் என்று ஒரு தாயிடம் சொல்ல யாருக்கு வாய் வரும்? சாகாமல் இருக்க விலகி நிற்பது நியாயம். சுடுவதற்கு விலகி நிற்கும்போதுதான் எனக்குக் கலக்கம். தனக்கு முகமூடி தேவையில்லை என்று ஆனவனுக்கு, எதிரே நிற்பவனின் கண்ணைப் பற்றிய நினைப்பு எங்கிருந்து வரும்? ஒரு சாண் மேலே பட்டிருந்தால் கண்தான்.

"பரவால்ல சார், தொவச்சா போயிடும்" என்றார் இஸ்திரிக்காரர். போய்விட்டது. ஆனால் மறுநாள் அவர் வண்டியைச் சந்தின் இந்தக் கோடிக்கு, எங்கள் வாசலுக்கும் அப்பால், நகர்த்திக்கொண்டுவிட்டார். மருமான் இதை மாடியிலிருந்து பார்த்தான். ஒன்றும் பேசவில்லை.

அடுத்த ஞாயிறு முகமூடியை மாட்டிக்கொண்டு தெருவில் டாங்கிக்குப் பக்கத்தில் வந்து நின்றான். கையில் இன்னொரு முகமூடி, புதிது. இஸ்திரிக்காரர் சிரித்துக்கொண்டே அதை வாங்கித் தம் வண்டியில் மாட்டினார். அது இன்னும் அங்கே தொங்குகிறது. வண்டி மட்டும் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை.