சிரிக்காத முகங்களோடு ஒரு ஷிப்ட்

நர்சிங் அசிஸ்டென்டாகப் புதிதாகச் சேரும் பெண்ணுக்கு எல்லோரும் சொல்லி அனுப்புகிற புத்தி ஒன்றுதான். "நீ சிரிச்ச முகமா இரு, அவங்க தானா மாறிடுவாங்க." சென்னை நந்தனத்தில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் தங்கி, அண்ணா சாலைப் பக்கம் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் அந்த வேலை பார்த்தவள் நான். சிரித்துப் பார்த்தேன். "டூட்டிக்கு வந்தாளா, கல்யாணத்துக்கு வந்தாளா?" என்றுதான் காதில் விழுந்தது.

வார்டில் மூத்தவர் ஒருவரை அக்கா என்போம். எட்டாவது வரை படித்தவர். அவருடைய அனுபவம் ஏறக்குறைய என் வயது. நான் ஆறு மாதக் கோர்ஸ் முடித்து வந்தவள். சம்பளத்தில் எங்களுக்குள் பெரிய வித்தியாசம் இல்லை. இத்தனை வருஷம் உழைத்து வந்து சேர்ந்த இடத்தில் நேற்று வந்தவள் நின்றால் யாருக்குத்தான் பிரியம் வரும்? "வாம்மா சர்டிபிகேட்" என்றுதான் கூப்பிடுவார்.

இது நம் ஊர்ச் சமாச்சாரம் மட்டுமில்லை. மூத்த நர்சுகள் இளையவர்களைத் தின்றுகொண்டிருக்கிறோமா என்று அமெரிக்காவில் ஜூடித் மெய்ஸ்னர் 1986-லேயே எழுதினார். அந்தப் பேச்சு அங்கே இன்றும் இருக்கிறது. ஆனால் இதையெல்லாம் குணம் என்று சொல்லி முடித்துவிட எனக்குச் சம்மதமில்லை. 2015-ல் தமிழ்நாட்டு அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு வைத்து எடுத்த ஒப்பந்த நர்சுகளுக்கு மாதம் 7,700 ரூபாய்தான் கொடுத்தார்கள். அதே வார்டில் அதே ஊசியைப் போட்ட நிரந்தர நர்ஸ் பல மடங்கு வாங்கினார். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் 2017 நவம்பரில் தேனாம்பேட்டையில் மருத்துவத் துறை அலுவலகங்கள் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் போராட்டமாக உட்கார்ந்தார்கள். நந்தனத்திலிருந்து இன்றைக்கு இரண்டு மெட்ரோ ஸ்டேஷன். அரசாங்கத்திலேயே இப்படி என்றால், ஏஜென்சி ஆள், ஆஸ்பத்திரியின் சொந்த ரோல் ஆள் என்று பிரித்து வைத்திருக்கும் தனியார் வார்டில் முகங்கள் எப்படி மலரும்?

அசைய முடியாத நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். விட்டால் இடுப்புக்குக் கீழேயும் குதிகாலிலும் தோல் சிவந்து புண்ணாகிவிடும். எண்பது கிலோ உடம்பை ஒருத்தியே இழுத்தால் அவருக்குத் தோல் உரியும், இவளுக்கு இடுப்பு போகும். ஆளுக்கொரு பக்கம் நின்று, அடியில் போட்ட குறுக்குத் துணியை உடம்போடு ஒட்டச் சுருட்டிப் பிடித்து, சேர்ந்து தூக்க வேண்டும். ஷிப்ட் முழுக்க என்னோடு பேசாத அக்கா அப்போது மட்டும் வாய் திறப்பார்: "ஒண்ணு, ரெண்டு, மூணு." அந்த மூணில் ஒருநாளும் அவர் கை பிந்தியதில்லை. இதற்கு மேல் அவரிடம் கேட்க எனக்கு உரிமை இல்லை என்று விட்டுவிட்டேன். பேசிச் சிரிக்க ஹாஸ்டலில் ஆள் இருந்தது.

ஆனால் எல்லா மௌனமும் ஒன்றில்லை. காலையில் ஆபரேஷன், என்.பி.ஓ., அதாவது வாயில் எதுவும் கொடுக்கக் கூடாது என்று, போட்டிருக்கிறது, நோயாளியோ பசிக்கிறது, இட்லி வேண்டும் என்கிறார். டூட்டி மாறும்போது அந்த விஷயத்தைப் புதியவளிடம் சொல்லாமல் போவதைக் கோபம் என்று விட முடியாது. மயக்க மருந்தில் இருக்கும்போது வயிற்றில் உள்ளது எதுக்களித்து நுரையீரலுக்குள் இறங்கலாம். அதனால் இன்சார்ஜ் சிஸ்டர் நிற்கும்போதே, நோட்டை வைத்துக்கொண்டு கட்டில் கட்டிலாகக் கேட்பேன்: "12-க்குச் சாப்பாடு உண்டாக்கா?" நாலு பேர் முன்னால் கேட்டால் பதில் வந்தே தீரும். "ரொம்பத்தான் கேக்குறா" என்ற பெயரும் கூடவே வந்தது. வரட்டும்.

சாதியைத் துருவுவது, ஆண் ஊழியர்களின் அசிங்கப் பேச்சு, இவற்றையும் பொறுமைக் கணக்கில் எழுதிவிடக் கூடாது. பெண்களிடம் அத்துமீறினால் விசாரிக்க, பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் புகார்க் குழு இருந்தாக வேண்டும் என்கிறது 2013-ஆம் வருஷத்துச் சட்டம். குழுவில் யார் யார் என்று சேர்ந்த வாரத்திலேயே கேட்டு வைப்பது நல்லது.

ஒரு நைட் டூட்டியில், டீ குடிக்கும்போது அக்காவே சொன்னார்: "யார் கூடன்னு பழகுறது? பழகினா மூணு மாசத்துல ஓடிடுதுங்க." மறுத்துப் பேச என்னிடம் ஒன்றும் இல்லை. என்னோடு சேர்ந்தவர்களில் பாதிப் பேர், அந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனவர்கள், திரும்பவே இல்லை.